உடைக்கக் கூடாத மரக்கால்

“இது மூணாவது,” என்றார் குவாய். “இனிமே என்ன வேணும் உங்களுக்கு? பானையே எழுந்து வந்து சாட்சி சொல்லணுமா?”

“சொன்னாலும் புது எழுத்துலதான் சொல்லணும்,” என்றாள் ஜியூ. “பழைய எழுத்துல சொல்லிச்சுன்னா அதையும் பிடிச்சு உள்ள போட்டுடுவீங்க.”

“இவளை யாரு பேசச் சொன்னது?”

“யாரும் சொல்லலை, வாத்தியாரே. எனக்கே வந்துடும்.”

குவாய் மேற்கேயிருந்து வந்தவர். ஆறு நாட்டையும் அடித்து ஒன்றாக்கிய சின் அரசு, பழைய சூ நாட்டு மக்களுக்குப் புது எழுத்தைப் பழக்கிவிட அனுப்பிய வாத்தியார். ஜியூ இந்த ஊர்க்காரி, சிறைக் கொட்டடியின் அடிமை. ஓடிப்போன ஒருவனுக்குச் சோறு போட்ட குற்றத்துக்காகக் கன்னத்தில் பச்சை குத்தப்பட்ட கிழவி. விசாரணைக்குப் போகிறவரின் பின்னால் கூடை சுமப்பது அவளுக்கு இட்ட வேலை. வாயடிப்பது அவளாகவே எடுத்துக்கொண்ட வேலை.

விசாரிக்க வந்தவன் இரண்டு பேருக்கும் நடுவே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். பெயர் துவான். மாவட்ட அலுவலகத்தின் விசாரணை எழுத்தன். அவனும் மேற்கத்திக்காரன்தான். ஆனால் பேசுகிறவர்களைப் பேசவிட்டுக் கேட்கிற பழக்கம் அவனிடம் இருந்தது. குற்றம் செய்தவர்களுக்கு அது பிடிப்பதில்லை.

அவன் முன்னால் தானியம் அளக்கிற மண் மரக்கால் ஒன்று இருந்தது. சுட்டு ஆறிய புதுச் சரக்கு. அளவுகளை ஒன்றாக்கிய சக்ரவர்த்தியின் ஆணை, முத்திரைக் கட்டையால் நான்கு நான்கு எழுத்தாக அதன் முகப்பில் அமுக்கப்பட்டிருந்தது. எல்லாம் புது எழுத்து. கட்டம் கட்டமாய், விறைப்பாய். ஆணைக்கு வலப்பக்கத்தில், வெறும் மண்ணில், எதையோ கொண்டு கீறிய ஒற்றைப் பெயர். அது மட்டும் வளைந்து நெளிந்து கிடந்தது. தடை செய்யப்பட்ட பழைய சூ எழுத்து.

“ஹெங்,” என்றார் குவாய். “முதல் ரெண்டுலயும் இதே பேருதான். யாரோ செத்துப்போன சிப்பாயா இருக்கணும். சக்ரவர்த்தியோட ஆணைக்குப் பக்கத்துல, ஒரு சூ நாட்டுப் பொணத்தோட பேரு! எவ்வளவு திமிர்!”

முதல் இரண்டும் சந்தையில் அகப்பட்டவை. இதே குயவர் தெருவில் செய்தவை. யார் வீட்டுச் சரக்கு என்று அப்போது தெரியவில்லை. இப்போது மூன்றாவது, யுன் என்கிற குயத்தியின் சூளைக் கொட்டகையிலேயே அகப்பட்டிருக்கிறது. கண்டுபிடித்தவர் குவாய்.

யுன்னின் கைகளை வைக்கோல் கயிற்றால் கட்டி இரண்டு காவலர்கள் பிடித்திருந்தார்கள். முழங்கை வரை மண். கழுவிக்கொள்ளக்கூட விடவில்லை.

“நீ எழுதினதா?” என்றான் துவான்.

“நான் எழுதியிருந்தா இவ்ளோ சின்னதாவா எழுதியிருப்பேன்?” என்றாள் யுன். “ஊர் மதில் நீளத்துக்கு எழுதியிருப்பேன். எங்க எழுத்தை எழுத எனக்கென்ன வெக்கம்?”

“ஐயா, இதை வாக்குமூலம்னு எழுதிக்காதீங்க,” என்றாள் ஜியூ அவசரமாக. “இது வாய்க்கொழுப்பு. ரெண்டுக்கும் தண்டனை வேற வேற.”

“ஜியூ அக்கா, நீ சும்மா இரு. இவனுங்ககிட்ட நான் கெஞ்ச மாட்டேன்.”

“உன்னைக் கெஞ்சச் சொல்லலைடி. உயிரோட இருன்னு சொல்றேன்.”

கொட்டகை வாசலில் அக்கம்பக்கத்து வீட்டார் நின்றிருந்தார்கள். யாரும் அழவில்லை. அழுகை வேறு இடத்தில் இருந்தது, அவர்கள் கைகளில். ஒருவர் கையை ஒருவர் பிடித்திருந்த இறுக்கத்தில். ஐந்து வீடு ஒரு கட்டு என்பது சட்டம். ஒரு வீட்டில் குற்றம், ஐந்து வீட்டுக்கும் தண்டனை. மாலை முரசுக்குள் வேறு ஆள் அகப்படவில்லை என்றால் யுன்னின் கன்னத்தில் ஊசி இறங்கும். ஐந்து வீடும் வடக்கே மதில் கட்டப் போகும். அங்கே போன யாரும் திரும்பி வந்ததாக இந்த ஊரில் பேச்சில்லை.

துவான் மூங்கில் பட்டையையும் தூரிகையையும் எடுத்தான். “சொல்லுங்க வாத்தியாரே. என்ன பார்த்தீங்க?”

“அந்தப் பலகை இடுக்கு வழியா என் கண்ணால பார்த்தேன். மூணு தடவையும் பார்த்தேன். ஆணியை எடுத்தா, கீறினா.”

“எந்த இடத்துல?”

“இதோ, இந்த இடத்துலதான். மூணுலயும் இதே இடம்.” குவாயின் விரல் பெயரின் மேல் நின்றது.

“முதல் தடவை பார்த்தப்பவே ஏன் சொல்லலை?”

“உறுதி பண்ணிக்கணும் இல்லையா? நான் படிச்சவன். அவசரப்பட மாட்டேன்.”

துவான் எழுதினான். ஓர் எழுத்து பிசகியது. பிசகியதைச் சுரண்ட இடுப்புக் கத்தியை உருவினான். எழுத்தர்கள் எல்லாரும் வைத்திருக்கிற சின்னக் கத்தி. சுரண்டினால் பட்டை வழுக்கியது. கத்தியைத் தூக்கிப் பார்த்தான்.

“முனை உடைஞ்சிருக்கு.”

“நீங்க நிறைய தப்பு பண்றீங்க, ஐயா,” என்றாள் ஜியூ. “பாவம், கத்தி என்ன பண்ணும்?”

*

ஆற்றோரமாய் நடந்தார்கள். தாமரைக் குளங்களில் முழங்கால் சேற்றில் நின்று கிழங்கு பறிக்கிறவர்கள், சின் நாட்டு எழுத்தனைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள்; அவன் கடந்ததும் மறுபடி பேசினார்கள்.

“ஒரு சந்தேகம், ஐயா.”

“கேக்காதேன்னா விடவா போறே?”

“என் கன்னத்துல குத்தினது பழைய எழுத்தா, புது எழுத்தா? பழசுன்னா இதையும் அழிச்சுட்டு மறுபடி குத்துவாங்களோ?”

“உனக்குத் தெரியாதா?”

“எனக்கெங்கே எழுத்து தெரியும்? என் மூஞ்சியை நான் ஆத்துத் தண்ணியிலதான் பார்த்திருக்கேன். அதுவும் ஆடிக்கிட்டே இருக்கும்.”

துவான் சிரித்துவிட்டு, சிரித்ததற்காக நெற்றியைச் சுருக்கினான். “யுன் எழுதியிருப்பாளா?”

ஜியூ கூடையை மறுபக்கம் மாற்றிக்கொண்டாள்.

“எழுத மாட்டா,” என்றாள் பிறகு.

“எப்படிச் சொல்றே?”

“அவதான் சொன்னாளே. எழுதினா பெருசா எழுதுவா.”

“அந்த முதல் ரெண்டு மரக்காலை நான் பார்க்கணும்.”

“நீங்க இன்னும் பார்க்கலையா?”

“யாருமே பார்க்கலை. சந்தையில எடுத்ததும் துணியில சுத்தி முத்திரை வெச்சு அறையில பூட்டிட்டாங்க. பழைய எழுத்தைக் கண்ணால பார்த்தாலே தொத்திக்கும்னு தலைவருக்குப் பயம். பேரை மட்டும் ஒரு பட்டையில நகல் எடுத்து வாத்தியார்கிட்ட அனுப்பினாங்க, படிச்சுச் சொல்ல.”

“பார்த்து என்ன ஆகப்போகுது? பானைக்குப் பானை ஒண்ணுதானே?”

“அதைத்தான் பார்க்கணும்,” என்றான் துவான்.

*

அலுவலகத்தில் அவனுக்கு மீன் கஞ்சி காத்திருந்தது. ஜியூ கிண்ணத்தை அவன் இடக்கைப் பக்கம் வைத்தாள்.

“இந்தப் பக்கம் வைக்காதேன்னு எத்தனை தடவை சொல்றது?” என்று கிண்ணத்தை வலப்பக்கம் நகர்த்தினான். “சாமைக் கஞ்சி கேட்டா மீனை ஊத்தறே. வலது கேட்டா இடதுல வைக்கறே. என்னைக் கொல்ல இதைவிடச் சுருக்கு வழி இருக்கு.”

“இருக்கு. ஆனா உங்க மேல எனக்குப் பாசம், ஐயா.”

காவலன் சாவியோடு வந்தான். துவான் கஞ்சியைத் தொடாமல் எழுந்து பூட்டிய அறைக்குள் போனான். ஜியூவுக்கு உள்ளே அனுமதியில்லை. வாசலிலேயே நின்றாள். முத்திரைக் களிமண் உடைகிற சத்தம் கேட்டது. துணி அவிழ்கிற சத்தம். அப்புறம் எதுவும் கேட்கவில்லை.

நேரமாயிற்று.

“ஐயா? பழைய எழுத்து தொத்திக்கிச்சா?”

துவான் வெளியே வந்தபோது அவன் முகம் மாறியிருந்தது. நேரே வந்து கஞ்சிக்கு முன்னால் உட்கார்ந்தான். சாப்பிடவில்லை.

“ஜியூ. ஏன் எப்பவும் இடது பக்கமே வைக்கறே?”

“அது மரியாதை, ஐயா. எங்க ஊர்ல பெரியவங்களை இடது பக்கம்தான் உக்கார வைப்போம். செத்தவங்களுக்குப் படைச்சாலும் இடதுலதான். நல்லதெல்லாம் அந்தப் பக்கம்.”

“இத்தனை நாளா ஏன் சொல்லலை? எங்க ஊர்ல இடது பக்கம் வெச்சா அது அவமானம். நீ என்னைத் திட்டறேன்னே நெனைச்சேன்.”

“திட்டினா வாயால திட்டுவேன். கஞ்சியால எதுக்குத் திட்டணும்?”

துவான் இடுப்புக் கத்தியை மெல்ல உருவினான். உடைந்த முனையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். உறையில் போட்டான்.

“மூணு மரக்காலையும் சபைக்குத் தூக்கிட்டு வரச் சொல்லு. துணியோட.”

“யுன்னைக் காப்பாத்திடுவீங்களா?”

“நீ வாயை மூடிட்டு இருந்தா.”

*

மாவட்டத் தலைவர் கனத்த மனிதர். ஈச்ச விசிறியால் வீசிக்கொண்டே தீர்ப்புச் சொல்வார். வீச்சு நின்றால் கோபம் என்று அர்த்தம். சபை முற்றத்தில் யுன் மண்டியிட்டிருந்தாள், நிமிர்ந்து. அவளுக்குப் பின்னால் ஐந்து வீட்டு மனிதர்கள்.

“கீழே பாரு,” என்றான் காவலன்.

“கீழே என்ன இருக்கு? மண்ணு. அதை நான் தினம் பார்க்கறேன்,” என்றாள் யுன்.

குவாய் சாட்சி சொன்னார். கணீரென்று, நிறுத்தி நிறுத்தி. பலகை இடுக்கு, நடுப்பகல் வெளிச்சம், ஆணி, மூன்று தடவை. தலைவரின் விசிறி சீராக ஆடியது.

“போதும்,” என்றார் தலைவர். “ஊசிக்காரனைக் கூப்பிடுங்க.”

ஜியூ கூடையைக் கீழே வைத்தாள். ஓரடி முன்னால் வந்தாள். “ஐயா, நான் ஒரு வார்த்தை...”

“கிழவி!” துவானின் குரல் சாட்டை போல விழுந்தது. “சாட்சி விசாரணை முடியல. பின்னால போ.” பிறகு தலைவரின் பக்கம் திரும்பி வணங்கினான். “இன்னும் ஒரே கேள்வி இருக்கு, தலைவரே. வாத்தியாரே, முதல் ரெண்டு மரக்காலைச் சந்தையில பிடிச்சப்புறம் பார்த்தீங்களா?”

“பூட்டி வெச்சதை எப்படிப் பார்க்கறது? ஆனா அவ எழுதறப்ப பார்த்தேன்.”

“பேரு எங்கே இருந்தது?”

“எத்தனை தடவை சொல்றது? ஆணைக்கு வலது பக்கம். மூணுலயும்.”

“சத்தியமா?”

“சக்ரவர்த்தி மேல சத்தியமா!”

துவான் முதல் துணியை அவிழ்த்தான். இரண்டாவதை அவிழ்த்தான். இரண்டு மரக்கால்களையும் முகப்பைத் திருப்பி வைத்தான்.

முற்றத்தில் யாரோ மூச்சை இழுத்தார்கள். பெயர் இருந்தது. இரண்டிலும் ஆணைக்கு இடப்பக்கத்தில்.

விசிறி நின்றது.

“இந்த மண்ணுல பொறந்த யாரும் மதிக்கிற பேரை வலது பக்கம் எழுத மாட்டாங்க,” என்றான் துவான். “செத்தவன் பேருன்னா கேக்கவே வேணாம். மூணாவது மரக்கால்ல எழுதின ஆளுக்குப் பேரோட வடிவம் தெரியும். இடம் தெரியாது. வடிவத்தோட நகல் இந்த ஊர்ல ஒரே ஒருத்தர் கையிலதான் இருக்கு. அவர் தன் ஊர் வழக்கப்படி நல்ல இடமாப் பார்த்து எழுதிட்டார். எங்க ஊர் வழக்கமும் அதுதான். நானே எழுதியிருந்தாலும் அங்கேதான் எழுதியிருப்பேன்.”

குவாய் ஓரடி பின்னால் போனார். “வலமோ இடமோ... பேரு பேருதானே! நான் இருட்டுல...”

“நடுப்பகல்னு சொன்னீங்க.”

“பழைய எழுத்து இன்னும் ஒழியலைன்னு மேலிடத்துல என்னை என்ன பாடு படுத்தறாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா? ஒரு ஆளைக் காட்டணும் துவான்! யாராவது ஒரு ஆளை!”

“காட்டிட்டீங்க,” என்றான் துவான்.

பொய்க் குற்றம் சாட்டினால், சாட்டப்பட்டவருக்கு என்ன தண்டனையோ அது சாட்டியவருக்கு. அதுவும் சின் சட்டம்தான். வரவழைத்த ஊசிக்காரனுக்கு வேலை போகவில்லை, ஆள்தான் மாறினார்.

யுன்னின் கயிறு அவிழ்ந்தது. தலைவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “சரி, அந்த முதல் ரெண்டு? அதை எழுதினது யாரு?”

“அதுக்குக் குற்றம் சாட்டினவர் இவர் ஒருத்தர்தான், தலைவரே. இவர் சாட்சி பொய்யாப் போச்சு. இப்ப அந்த வழக்குக்கு ஆளே இல்லை.”

“அப்ப அந்தச் சனியனை உடைச்சுப் போடு.”

துவான் அசையவில்லை. “முகப்புல சக்ரவர்த்தியோட ஆணை இருக்கு. உடைக்கச் சொன்னது தலைவர்னு எழுதிக்கட்டுமா?”

தலைவர் வெளுத்தார். “பேரை மட்டும் சுரண்டி எடு!”

“அளவு சரிபார்த்து முத்திரை விழுந்த மரக்கால். அதுல கத்தி வெச்சா அளவையைத் திருத்தின குற்றம்.”

“பின்னே என்னதான் பண்றது?”

“தானியக் கிடங்குக்கு அனுப்பிடலாம். நெல் அளக்கட்டும். அதுக்குத்தானே செஞ்சது.”

யுன் சிரித்தாள். சபையில் யாரும் அப்படிச் சிரித்ததில்லை. வயிற்றிலிருந்து வந்த சிரிப்பு. “கும்பிட்டுப் போ” என்றான் காவலன். “மண்ணு காயுது” என்று சொல்லிவிட்டுத் தன் தெருவோடு நடந்துபோனாள். போகிற வழியில் ஜியூவின் தோளை மண்கையால் ஒரு பிடி பிடித்துவிட்டுப் போனாள்.

*

மாலை முரசு அடித்து அடங்கியது. அலுவலகத்தில் இரண்டு பேரும்தான் இருந்தார்கள்.

“மரக்கால் எல்லாம் சந்தைக்குப் போறதுக்கு முன்னாடி இங்கே வரும்,” என்றான் துவான். “சாமையைக் கொட்டி அளவு பார்ப்போம். அப்புறம் மை முத்திரை. அதைக் கழுவித் துடைச்சு அடுக்கறது யாரு?”

“நான்தான்.”

“என் கத்தி ராத்திரி எங்கே இருக்கும்?”

“இந்த மேசையில.”

“சுட்ட மண்ணைக் கீறினா கத்தி முனை போகும்.”

ஜியூ சிரிக்கவில்லை. ஒளிக்கவும் இல்லை. கூடையை இறக்கி வைத்துவிட்டு நேரே அவன் முன்னால் வந்து நின்றாள்.

“எழுத்து தெரியாதுன்னியே,” என்றான்.

“எழுத்து தெரியாதுன்னுதான் சொன்னேன். ஒரு பேரு தெரியாதுன்னு சொன்னேனா?”

“யாரு ஹெங்?”

“என் பையன். உங்க ஆளுங்க ஆத்தைத் தாண்டி வந்தப்ப இந்தக் கரையில நின்னவன். தெருத் தெருவா ஹெங் யாரு, ஹெங் யாருன்னு கேட்டீங்களே. என்னை யாராவது கேட்டீங்களா? அடிமைக்கு ஏது பிள்ளை!”

“புது எழுத்துல எழுதியிருந்தா யாரும் கேட்டிருக்க மாட்டாங்க. ஒரு குயவன் தன் பேரைப் போட்டான்னு விட்டிருப்பாங்க.”

“வாத்தியார் எழுதிக் காட்டினாரே உங்க எழுத்துல! பார்த்தேன். நாலு கட்டையை அடுக்கின மாதிரி இருக்கு. அது எவனோ. என் புருஷன் அந்தப் பேரைக் கதவுல எழுதினப்ப, கடைசிக் கோடு வலை வீசற மாதிரி வளைஞ்சு போவும். அந்தக் கதவை நீங்க எரிச்சீங்க. அந்த எழுத்தையும் எரிச்சீங்க. சட்டம் போட்டு எல்லாத்தையும் ஒண்ணாக்கினீங்க. என் பையனை ஒண்ணாக்க முடியாது. அவன் வேற.”

“எதுக்கு மரக்கால்ல?”

“கல்லுல எழுதினா கொத்தி எடுப்பீங்க. மரத்துல எழுதினா எரிப்பீங்க. இதை உடைக்க உங்க ஒருத்தனுக்கும் கை வராது. பக்கத்துல உங்க சக்ரவர்த்தி காவல் நிக்கறார்.” அவள் மோவாயைத் தூக்கினாள். “யுன்னுக்கு ஊசி வந்தப்ப நானே சொல்ல வந்தேன். நீங்கதான் அடக்கிட்டீங்க. இப்ப போய்ச் சொல்லுங்க. இன்னொரு கன்னம் காலியாத்தான் இருக்கு.”

தெரிந்தும் சொல்லாத எழுத்தனுக்கும் அதே ஊசிதான். அது இரண்டு பேருக்கும் தெரியும்.

ஜியூ திரும்பிப் போய்க் கஞ்சியைச் சுடவைத்தாள். கொண்டுவந்து வைத்தாள். முதல் முறையாக அவனுடைய வலப்பக்கத்தில், அவன் ஊர் வழக்கப்படி. வைத்த வேகத்தில் கஞ்சி தெறித்தது.

துவான் கிண்ணத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு தன் கையாலேயே அதை இடப்பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டான். இடுப்பிலிருந்து கத்தியை உருவி மேசையில் போட்டான்.

“இதைத் தீட்டி வை.”

“எதுக்கு?”

“நான் நிறைய தப்பு பண்றவன்னு நீதானே சொன்னே,” என்றான் துவான்.